யாரைக் காப்பாற்றும் இந்த இருக்கை?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு இந்திய விமானப் படை விடைகொடுத்தது. 1963இல் சேவைக்கு வந்த விமானம். அறுபத்திரண்டு ஆண்டுகளில் 870க்கும் மேற்பட்ட மிக்-21கள் நம் படையில் இருந்திருக்கின்றன. விழா முடிந்த சூட்டோடு இன்னொரு பேச்சும் கிளம்பியது. ஓய்வுபெற்ற மிக்-21 ஒன்றைக் கல்லூரி வாசலிலோ ஊர் நாற்சந்தியிலோ நிறுத்திவைக்க வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது, தனிநபருக்குக் கொடுப்பார்களா என்று பலரும் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

கேட்பதில் தவறே இல்லை. வொர்லி நேரு அறிவியல் மையத்தில் நிற்கும் எச்.எஃப்-24 மாருத் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்த மும்பைப் பிள்ளைகள் எத்தனையோ பேர். மண்ணில் நிற்கும் விமானம் பாடம் சொல்லும், படம் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கும், யாரையும் கொல்லாது. ஆனால், ஆசை பீடத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஓய்வுபெற்ற போர் ஜெட்களைத் தனியார் வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுகிறார்கள். கேப் டவுனில் ஒரு தனியார் நிறுவனம், காசு கொடுத்தவர்களைப் பழைய ஜெட்களில் ஏற்றிப் பறந்துகொண்டிருந்தது.

அப்படிப் பறப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. போர் விமானத்தில் விமானி உட்காரும் இருக்கைக்குள் வெடிமருந்து இருக்கிறது. ஆபத்து வந்தால் அது அவரை இருக்கையோடு வெளியே சுட்டுத் தள்ளும். விமானம் தனியார் கைக்குப் போன பிறகும் அந்த இருக்கையை மருந்தேற்றியே வைத்திருப்பதா, மருந்தை எடுத்துவிட்டு வெறும் நாற்காலியாக்கிவிடுவதா?

இந்தியாவில் தனியார் கையில் பறக்கும் பழைய போர் ஜெட் இன்றைக்குக் கிடையாது. பிறகு மும்பையின் சயானில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். இங்கே வீட்டு மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால், குர்லா, காட்கோபர் கூரைகளுக்கு மேலாகச் சாந்தாகுரூஸ் நோக்கி வரிசையாக இறங்கும் விமானங்கள் தெரியும். விமானம் என்பது எங்களுக்குத் தலைக்கு மேல் நடக்கும் சமாச்சாரம். விமானியின் இடத்திலிருந்து இந்தக் கேள்விக்கு ஒரு விடை. கீழே குடியிருப்பவரின் இடத்திலிருந்து வேறு விடை. இதுவரை நடந்த விவாதம் முழுக்க மேலே இருப்பவருடையது.

மருந்து எங்கே இருக்கிறது?

விமானி குதித்துத் தப்பினார் என்று செய்திகளில் படிக்கிறோம். உள்ளபடி நடப்பது வேறு. கைப்பிடியை இழுத்ததும் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடி பறந்துபோகும் அல்லது தூளாகும். இருக்கையின் முதுகுப்பக்கக் குழலில் உள்ள தோட்டாக்கள் அடுத்தடுத்து வெடித்து, இருக்கையைத் தண்டவாளம் போன்ற பட்டைகளில் மேலே தள்ளும். பிற்கால இருக்கைகளில் அதற்கு மேல் ராக்கெட்டும் உண்டு. சிறு குடை விரிந்து இருக்கையை நிலைப்படுத்தும்; பட்டைகள் அறுபட்டு விமானி பிரிவார்; பெரிய குடை விரியும். இவ்வளவும் இரண்டு மூன்று விநாடிக் காரியம். அந்தக் கணத்தில் முதுகெலும்பு தாங்கும் பாரம் உடல் எடையைப் போல் பன்னிரண்டிலிருந்து இருபது மடங்கு. 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 பைசனிலிருந்து இப்படி வெளியேறிய சென்னைக்காரர் அபிநந்தன் வர்தமான், மருத்துவப் பரிசோதனைகளையெல்லாம் தாண்டி மறுபடி விமானம் ஏற ஆறு மாதம் ஆயிற்று. முப்பதுகளில் இருந்த, கட்டுமஸ்தான போர் விமானிக்கே அந்தக் கதி. பழைய ஜெட் வாங்கும் வசதி ஒருவருக்கு வரும் வயது பெரும்பாலும் அதைவிட அதிகம்.

இந்த இருக்கையின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1942இல் புது விமானம் ஒன்றைச் சோதிக்கும்போது பங்குதாரர் வாலன்டைன் பேக்கர் இறந்துபோக, ஜேம்ஸ் மார்ட்டின் விமானியின் உயிர் காப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். 1946இல் பெர்னார்ட் லிஞ்ச் என்ற ஊழியர் மார்ட்டின் செய்த இருக்கையில் உட்கார்ந்து பறக்கும் விமானத்திலிருந்து சுடப்பட்டு உயிரோடு இறங்கினார். மார்ட்டின்-பேக்கர் இருக்கைகள் இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை மீட்டிருக்கின்றன. 2025 நவம்பர் 14 அன்று தாம்பரத்திலிருந்து கிளம்பிய பி.சி-7 பயிற்சி விமானம் திருப்போரூர் பக்கம் விழுந்தபோது விமானி பிழைத்ததும் இப்படித்தான்.

ஆனால், பழைய ஜெட்டில் இருப்பது பழைய இருக்கை. இன்றைய இருக்கை, ஓடாமல் நிற்கும் விமானத்திலிருந்தும் ஆளைப் பத்திரமாக மேலேற்றி இறக்கும். மிக்-21இன் கே.எம்-1 இருக்கைக்குத் தரைமட்டத்தில் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். அமெரிக்கத் தனியார்களிடம் மிகுதியாகப் புழங்கும் செக் நாட்டு எல்-39இன் இருக்கைக்கு 150 கிலோமீட்டர். அதற்குக் குறைந்தால் குடை விரிவதற்குள் தரை வந்துவிடும். நவீன இருக்கைக்கும் எல்லை உண்டு. விமானம் மூக்கைக் கீழே வைத்து விழும்போது கைப்பிடிக்குக் கை போகவே நேரம் இருக்காது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் ஸ்யால் இறந்ததை நாடே பார்த்தது. தாழப் பறந்து சாகசம் காட்டும் இடத்தில்தான் விபத்து நடக்கிறது. அங்கேதான் இருக்கைக்கு வேலை செய்ய இடமில்லை. தனியாருடைய பழைய ஜெட்கள் மிகுதியும் பறப்பது இத்தகைய கண்காட்சிகளில்தான்.

மிச்சிகனில் நடந்தது

மருந்தேற்றிய இருக்கை வேண்டும் என்பவர்கள் கையில் வலுவான ஒரு சாட்சி இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் யிப்சிலான்டி நகரருகே வான் கண்காட்சி. தனியாருக்குச் சொந்தமான மிக்-23யு.பி., இரண்டு பேர் உட்காரும் ஜெட், கூட்டத்தின் முன் பறந்துகொண்டிருந்தது. பின்னெரி (ஆஃப்டர்பர்னர்) பற்றவில்லை, உந்துவிசை குறைந்தது. சில விநாடிகளில் இருவரும் இருக்கையோடு வெளியே பறந்தார்கள். குடை விரிந்தது. பெல்வில் ஏரிப் பக்கம் இறங்கிப் பிழைத்தார்கள். அந்த இருக்கைகளில் மருந்து இல்லாமல் இருந்திருந்தால் அன்று இரண்டு சாவு. இதை மறுக்க முடியாது.

ஆனால், கதை அத்தோடு முடியவில்லை. முன்னிருக்கையில் இருந்த விமானி, தான் இன்னும் கோளாறைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததாகவும், வெளியேற அப்போது தயாராக இல்லை என்றும் விசாரணையாளர்களிடம் சொன்னார். பின்னால் இருந்தவர் கைப்பிடியை இழுத்தார். மிக்-23யு.பி.யில் யார் இழுத்தாலும் இருவரும் போக வேண்டியதுதான். ஆளில்லாத விமானம் எங்கே போய் விழுந்தது தெரியுமா? ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில். ஞாயிறு மாலை. கார்களில் யாரும் இல்லை, கட்டடத்திலும் மோதவில்லை. தரையில் ஒருவருக்கும் காயம் இல்லை என்பது நல்ல செய்தி. அதற்கு இருக்கையோ விமானியோ காரணமில்லை, அதிர்ஷ்டம்தான் காரணம். சற்றே விலகியிருந்தால் இந்தச் சாட்சி எதிர்த்தரப்புக் கூண்டில் ஏறியிருக்கும்.

யார் முதலில் இழுத்தார், சரியான நேரத்தில் இழுத்தாரா என்றெல்லாம் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு வேகமான ஜெட்டின் இருக்கை, உள்ளே இருப்பவரை விமானத்திலிருந்து பிரிக்கிறது. பிரிந்த பின் எரிபொருள் நிறைந்த பல டன் உலோகம் தன் போக்கில் போகிறது. ராணுவத்தில் இந்தக் கணக்கை நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது; எல்லையைக் காக்க அந்த விலை உண்டு என்று. அப்போதும் வலிக்கத்தான் செய்கிறது. 2023 மே 8 அன்று ராஜஸ்தானின் ஹனுமன்கட் மாவட்டத்தில் மிக்-21இலிருந்து விமானி பத்திரமாக வெளியேறினார். விமானம் பஹ்லோல் நகர் கிராமத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்து மூன்று பெண்கள் இறந்தார்கள். வயலும் வெட்டவெளியுமாக இருக்கும் பகுதி அது. பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கை யார் ஒப்புக்கொண்டது?

காலாவதியான தோட்டா

மருந்தேற்றிய இருக்கை என்று சொல்வது எளிது. அந்த மருந்துக்கு ஆயுள் உண்டு. தோட்டா, ராக்கெட், மூடியை உடைக்கும் வெடிநாடா ஒவ்வொன்றுக்கும் தயாரித்த நாளிலிருந்து ஒரு கெடு, விமானத்தில் பொருத்திய நாளிலிருந்து ஒரு கெடு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். விமானப் படைக்கு இதில் சிக்கல் இல்லை. பயிற்சி பெற்ற ஆட்கள், தனிப் பணிமனை, புனேயிலுள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையம் போன்ற ஆய்வகங்கள், வெடிமருந்துத் தொழிற்சாலைகள் என்று பின்னால் ஒரு பெரிய ஏற்பாடே நிற்கிறது. விமானம் ஓய்வுபெற்றதும் அந்த ஏற்பாடு கலைந்துவிடும். யாரும் பயன்படுத்தாத இருக்கைக்கு யார் தோட்டா செய்வார்கள்? தனியாரிடம் மிஞ்சுவது பழைய சரக்கு. போன தீபாவளியில் மிஞ்சி, மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்த வெடியைப் போல. கொளுத்தினால் வெடிக்குமா, புஸ்ஸென்று போகுமா, கையில் எடுக்கும்போதே வெடிக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் கண்காட்சியில் தனியார் ஹாக்கர் ஹன்டர் ஒன்று சாகசத்தின் நடுவில் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. விமானி பிழைத்தார். சாலையிலும் சாலையோரத்திலும் இருந்த பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரும் கண்காட்சிக்குச் சீட்டு வாங்கி உள்ளே போனவர் இல்லை. பிரிட்டனின் விமான விபத்து விசாரணைக் குழு சிதைவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, இருக்கைகளில் இருந்த தோட்டாக்கள் கெடு முடிந்தவை என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. நொறுங்கிய விமானத்தில், வெடிக்கக்கூடிய நிலையில் இருக்கை கிடக்கும்போது, ஓடிவரும் தீயணைப்பு வீரருக்கும் ஆம்புலன்ஸ்காரருக்கும் அந்த ஆபத்தைச் சொல்ல ஏற்பாடு போதவில்லை. விமானியைக் காப்பாற்ற வைத்த மருந்து, விமானியை மீட்க வருபவரைக் கொல்லக்கூடும்.

இங்கேதான் பிரிட்டன் ஒரு முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டது. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்த அதிவேக ஜெட்டில் இருக்கை வேலை செய்யும் நிலையில்தான் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் நெடுநாள் நிலைப்பாடு. இருக்கையைச் செய்த மார்ட்டின்-பேக்கரோ, படைச் சேவையிலிருந்து விலகிய பழைய இருக்கைகளுக்கு இனித் துணைநிற்க முடியாது என்று கைவிரித்துவிட்டது. இருக்கை வேண்டும் என்கிறது விதி. அதற்கு என்னைப் பொறுப்பாக்காதே என்கிறார் செய்தவர். இருவருமே அவரவர் இடத்தில் சரி. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கிடைக்கும் விடையை ஆர்வலர்கள் விரும்புவதில்லை: அந்த விமானம் பறக்கக் கூடாது.

2009 நவம்பர் 14 அன்று தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் நிறுவனத்தின் லைட்னிங் ஜெட் கண்காட்சியில் தீப்பிடித்தது. விமானி கடைசிவரை விமானத்தை ஆளில்லாத பக்கம் திருப்பப் பார்த்தார். பிறகு வெளியேற முயன்றார். மேல்மூடி கழன்று போகவில்லை. மூடி போகாவிட்டால் இருக்கை சுடாது. அதுதான் அதன் அமைப்பு. விமானத்தோடு விழுந்து இறந்தார். பராமரிப்பில் இருந்த குறைகளை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. இருக்கை இருக்கிறது என்ற தைரியத்தில் ஒருவர் ஏறுகிறார். அந்த இருக்கை கைவிடுகிறது. மருந்தே இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்காவது தன் நிலை தெரியும்.

படைகளே இதில் தடுமாறும்போது தனியார் எம்மாத்திரம்? 2011இல் இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் தளத்தில், தரையில் நின்றுகொண்டிருந்த ரெட் ஆரோஸ் என்ற விமானப் படைச் சாகசக் குழுவின் ஹாக் விமானத்தில் இருக்கை எதிர்பாராமல் சுட்டு ஷான் கனிங்ஹாம் என்ற விமானி இறந்தார். ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்ததால் குடை விரியவில்லை. தயாரித்த நிறுவனத்துக்கு 2018இல் 11 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. 2024 மே மாதம் டெக்சஸில் அமெரிக்க விமானப் படைப் பயிற்றுநர் ஒருவரும் தரையில் நின்ற விமானத்தின் இருக்கையால் இறந்தார்.

விருந்தாளி சமாச்சாரம் இன்னொன்று. 2019 மார்ச்சில் பிரான்ஸில், பதவியில் உயர்ந்த 64 வயது பெரியவருக்கு ரஃபேலில் ஒரு சவாரியைப் பரிசாக ஏற்பாடு செய்தார்கள். அவர் அதைக் கேட்டதுகூட இல்லை. செங்குத்தாக ஏறிய விமானம் சமநிலைக்குத் திரும்பியபோது உடல் இருக்கையிலிருந்து எழும்ப, பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று கை நீட்டினார். கைக்கு அகப்பட்டது அந்தக் கைப்பிடி. வானத்தில் சுடப்பட்டார், தலைக்கவசம் பறந்தது, ஆனாலும் பிழைத்தார். அவரோடு விமானியின் இருக்கையும் சுட்டிருக்க வேண்டும். ஏதோ கோளாறில் சுடவில்லை. அந்தக் கோளாறு நேராமல் இருந்திருந்தால் ஆளில்லாத ரஃபேல் ஒன்று பிரெஞ்சுக் கிராமங்களுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். காசு வாங்கிக்கொண்டு பின்னிருக்கையில் ஆள் ஏற்றும் தொழிலுக்கு இதைவிட எச்சரிக்கை வேண்டுமா?

வேகம்தான் அளவுகோல்

மருந்தை எடுத்துவிடலாம் என்னும் ஆர்வலர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. எல்லா ஜெட்டும் மிக்-21 அல்ல. எல்-39, பழைய வாம்பயர் போன்ற நேர் இறக்கை விமானங்கள் இன்ஜின் நின்றாலும் கொஞ்ச தூரம் மிதந்து வரும். ஓடுபாதைக்கோ வயலுக்கோ கொண்டுவந்து இறக்கலாம். அமெரிக்காவில் எல்-39 வைத்திருப்பவர்கள் பலர் மருந்தை எடுத்துவிட்டே ஓட்டுகிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு வெடிபொருளைக் குறைத்தால் பணிமனையில் வேலை செய்யும் மெக்கானிக்குக்கும் நல்லது.

இன்னும் மெதுவான விமானங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜூஹுவுக்குத் தபால் பையோடு வந்து இறங்கிய ஜே.ஆர்.டி. டாடா, அரை நூற்றாண்டு கழித்து 1982இல், 78 வயதில், பழைய லெபர்ட் மாத் விமானத்தில் அதே பயணத்தை மறுபடி செய்து காட்டினார். துணியும் கட்டையும் கொண்ட அந்த விமானத்தை, நெருக்கடி என்றால் ஒரு மைதானத்தில் இறக்கிவிடலாம். மிக்-21 தரையைத் தொடும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். அதை எந்த மைதானத்திலும் இறக்க முடியாது. இன்ஜின் நின்ற மிக்-21இல் இருப்பவருக்கு இருக்கையைத் தவிர வழியில்லை. மருந்து இல்லாத இருக்கையோடு அதை ஓட்டுவது தற்கொலை. மருந்துள்ள இருக்கையோடு ஓட்டினால், ஓட்டுபவர் தன் உயிரை மட்டும் காப்பீடு செய்துகொண்டு மற்றவர்கள் தலைக்கு மேல் பறக்கிறார்.

மற்றவர்கள் என்றால் யார்? சயானிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். மேற்கே தாராவி. 90 அடி சாலையின் இருபுறமும் மாடி மேல் மாடியாக வீடுகளும் பட்டறைகளும். கிழக்கே செம்பூர் தாண்டினால் மாஹுலின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள்; அதற்கும் அப்பால் டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையம். வடக்கே குர்லா. விமானத்தை ஆளில்லாத பக்கம் திருப்பிவிட்டு வெளியேறு என்று விமானிக்குச் சொல்வார்கள். இங்கே ஆளில்லாத பக்கம் எது? மாஹிம் கழிமுகத்துச் சதுப்பும் கடலும்தான்.

விமானம் விழுவது எங்களுக்குக் கற்பனையும் அல்ல. 2018 ஜூன் 28 அன்று காட்கோபரின் சர்வோதய நகரில், கட்டுமானம் நடந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு சிறிய விமானம் விழுந்தது. உத்தரப் பிரதேச அரசு வைத்திருந்து விற்ற பழைய கிங் ஏர். மும்பையின் தனியார் நிறுவனம் வாங்கி, நெடுநாள் செப்பனிட்டபின் சோதனைக்குப் பறந்தபோது விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும், அந்த வழியே நடந்து போன ஒருவரும் இறந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரமானதால் கட்டடத் தொழிலாளர்கள் அந்த இடத்தில் இல்லாமல் தப்பினார்கள். ஜெட்டும் அல்ல, போர் விமானமும் அல்ல; அரசு விற்ற பழைய விமானம், தனியார் செப்பனிட்டுப் பறந்தது, அவ்வளவுதான். அரசுக் களஞ்சியத்திலிருந்து தனியார் கைக்கு ஒரு பொருள் மாறும்போது கவனம் எங்கெல்லாம் நழுவும் என்பதற்கு அது போதுமான பாடம். இதே நகரத்தின் மேல் இன்னும் வேகமான, இன்னும் பழைய, வெடிமருந்து வைத்த விமானத்தைத் தனியார் ஓட்டலாம் என்று யாராவது விண்ணப்பித்தால் என்ன சொல்லப்போகிறோம்?

பழைய விமானத்தைப் பறக்கும் நிலையில் காப்பது நல்ல காரியம்தான். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. டகோட்டா என்ற பழைய சரக்கு விமானத்தை ஓட்டிய விமானப் படை அதிகாரியின் மகனான ராஜீவ் சந்திரசேகர், உடைசலாகக் கிடந்த ஒரு டகோட்டாவை வாங்கி, பிரிட்டனில் செப்பனிட்டு, 2018இல் விமானப் படைக்கே பரிசளித்தார். ‘பரசுராமா’ என்று பெயரிட்ட அந்த விமானத்தைப் படையின் பழமை விமானப் பிரிவு பராமரிக்கிறது. தனியார் பணம், படையின் பொறுப்பு. ஜெட்டுக்கும் இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வான் சாகசம் பார்க்க வேண்டுமென்றால் விமானப் படை காட்டுகிறது. 2024 ஜனவரியில் மரைன் டிரைவில் கடலுக்கு மேல் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னை மெரினாவில் நடந்த காட்சியில் விமானங்கள் ஒன்றும் செய்யவில்லை. வெயிலும் நெரிசலும் ஐந்து உயிர்களை எடுத்தன. கூட்டத்தைத் தரையில் காப்பதற்கே நாம் இன்னும் படித்தாக வேண்டும்.

பறக்காத விமானத்திலும் ஒரு கவலை பாக்கி இருக்கிறது. ஓய்வுபெற்ற விமானங்களில் பீடம் ஏறுபவை சில; மிச்சம் உடைசலாகும். உடைசல் எங்கே வரும் என்று குர்லாவிலும் தாராவியின் 13 காம்பவுண்டிலும் வேலை செய்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004இல் காசியாபாத் அருகே சாகிபாபாத் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த வெடிகுண்டுகள் வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். 2010இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம்விட்ட ஆய்வுக் கருவிக்குள் இருந்த கோபால்ட்-60, மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்தது. இரண்டிலும் பொருளை விற்றவருக்கு அது என்னவென்று தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள முயலவில்லை. இருக்கையின் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கிவிட்டால், அதைக் கேஸ் கட்டர் கொண்டு அறுப்பவர் போர் விமானி அல்ல. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தோ அசாம்கட்டிலிருந்தோ பிழைக்க வந்த இளைஞர். அவர் தலைக்குக் கவசம்கூட இருக்காது.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. வெடிபொருள்களை 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு கவனிக்கிறது. விமானச் சட்டம் புதிதாக்கப்பட்டு, பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதற்கென ஒரு விதி எழுதுவதற்கு ஏற்ற நேரம் இது. விண்ணப்பம் இன்னும் வரவில்லை, யாருடைய நெருக்குதலும் இல்லை. இருக்கை இல்லாமல் தப்ப முடியாத வேகம் கொண்ட எந்தப் பழைய ஜெட்டுக்கும் தனியார் பறப்பு அனுமதி கிடையாது என்று அது ஒரே வரியில் சொல்ல வேண்டும். மெதுவான ஜெட்களுக்கு அனுமதி கொடுத்தால், மருந்தை எடுத்துவிட்ட இருக்கையோடு, மக்கள் குடியிருக்கும் பகுதிக்கு வெளியே, காசுக்கு ஆள் ஏற்றாமல் என்ற நிபந்தனைகளோடு கொடுக்கட்டும். பீடத்துக்குப் போகும் விமானமானாலும் ஏலத்துக்குப் போகும் விமானமானாலும், இருக்கையிலிருந்தும் மூடியிலிருந்தும் எடுத்த வெடிபொருள் ஒவ்வொன்றின் பட்டியலும், எடுத்த அதிகாரியின் கையெழுத்தோடு வாங்குபவர் கைக்கும் உடைப்பவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குப் பாதுகாப்பு அமைச்சகம் புது விதிக்காகக் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை. மிக்-21கள் படையை விட்டு வெளியே போகத் தொடங்கும் இந்த நேரத்திலேயே அதை ஆரம்பித்துவிடலாம்.